வியாழன் அக்காவின் பணிப்பதிவேட்டில் ஒரு திருத்தம்

மதிப்புக்குரிய பதிவாளர் அம்மா அவர்களே, ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, பிறப்புப் பிரிவிலும் இறப்புப் பிரிவிலும் திருத்தப் பிரிவிலும் என்னோடு வேலை பார்க்கும் தோழர்களே, பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கும் பக்கத்துக் கட்டட நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் கனத்த மனதோடு என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் கூடுதலாக எடுத்துக்கொள்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு வருடமாகப் பேசாமல் விட்டதையும் சேர்த்து இன்று பேச வேண்டியிருக்கிறது. இந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர் என்ற முறையில் அக்காவைப் பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். பாராட்டத்தான் போகிறேன். ஆனால் அதற்காக மட்டும் நான் வரவில்லை. ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் இருக்கும் படத்துக்குக் கீழே அவருடைய முழுப்பெயரை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாதவர் பெயர் மாதிரி இருந்தது. இந்தக் கட்டடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் யார்? நீங்கள் கூப்பிட்டிருக்கிறீர்களா? நான் கூப்பிட்டதில்லை. வாசல் காவலர் முதல் பதிவாளர் அம்மா வரை எல்லோருக்கும் அவர் வியாழன் அக்கா. பதிவாளர் அம்மா அவரைவிட வயதில் மூத்தவர், அவர்கூட அக்கா என்றுதான் சொல்வார்.

பக்கத்துக் கட்டடத்து நண்பர்களுக்காக அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் எல்லோருடைய மேசைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினார். புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்று கோரஸாகச் சொன்னோம். அவர் போய்விட்டார். மறுநாள் காலை மின்விசிறி சுற்றும் சத்தத்தைத் தவிர அலுவலகத்தில் வேறு சத்தமே இல்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்ல வெட்கம்.

அப்போது நான் பிறப்புப் பிரிவு எழுத்தர். அக்கா இறப்புப் பிரிவு எழுத்தர். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குடம் மட்டும்தான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வருகிறவர்கள் என் முன்னால் நிற்பார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவர் முன்னால் நிற்பார்கள். இரண்டு வரிசைக்கும் ஒரே குடத்துத் தண்ணீர். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பணியிலும் இரண்டு வருடம் மூத்தவர். அதனால் நான் தம்பி. எனக்கு ஐம்பத்து நான்கு வயதான பிறகும் தம்பிதான்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம். அக்கா தன் கம்ப்யூட்டரைப் பின்பக்கம் திருப்பி வைத்தார். "எல்லாரும் டப்பாவை எடுத்துக்கிட்டு இங்க வாங்க. பத்தே நிமிஷம். ஒண்ணே ஒண்ணு காட்டுறேன்" என்றார். அன்று அவர் காட்டியது, நாம் காப்பி எடுத்த பழைய வரிகளையெல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டு கேட்கும்போது கொடுக்கும் ஒரு சின்ன மென்பொருள். அதுவரை ஒரு முகவரியை மூன்று படிவத்தில் போட மூன்று தடவை போய் எடுத்து வந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு அதை அவர் தானே கண்டுபிடித்திருந்தார், நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தானே நான்கு தடவை செய்து பார்த்து, பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்.

அன்று தொடங்கியது பதினான்கு வருடம் நடந்தது. வாரத்துக்கு ஒரு வியாழன், வியாழனுக்கு ஒரு கருவி, கருவிக்குப் பத்து நிமிடம். எழுநூறு ஃபைல்களுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றுவது. ஸ்கேன் செய்த பழைய பக்கத்திலிருந்து எழுத்தைத் தனியே பிரித்தெடுப்பது. இரண்டு பட்டியலை அக்கம்பக்கம் வைத்து எந்த வரியில் வித்தியாசம் என்று காட்டச் சொல்வது. கண் மங்கியவருக்குத் திரையின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்குவது. பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கிற ஒருவரை அரை மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்ப முடிந்ததே, அது சின்ன விஷயமா?

அந்தப் பத்து நிமிடத்துக்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். சொல்லிக்கொடுக்கிறவர் கை பின்னால் கட்டியிருக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவர் கையில்தான் மவுஸ். அவர் தடுமாறலாம், தப்பான இடத்தில் அழுத்தலாம், ஐந்து நிமிடம் தேடலாம். சொல்லிக்கொடுக்கிறவர் வாயால் சொல்லலாம், கையை நீட்டக் கூடாது.

நான் பொறுமை இல்லாதவன். இது உங்களுக்குத் தெரியும், என்னிடம் கையெழுத்து வாங்க வருகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். யாராவது மவுஸை வைத்துக்கொண்டு தேடினால் எனக்குக் கை துறுதுறுக்கும். பிடுங்கி, டக் டக்கென்று செய்து காட்டிவிடுவேன். அப்போதெல்லாம் குடத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும்.

"தம்பி, கை."

அவ்வளவுதான். நான் கையைப் பின்னால் கொண்டுபோவேன். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன், நான் செய்து காட்டினால் சீக்கிரம் முடியுமே, இதில் என்ன தப்பு என்று. அக்கா சொன்னார்: "மவுஸ் யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் பாடம் போகும். நீங்க பிடுங்கிச் செஞ்சா, உங்களுக்கே ரெண்டாவது தடவ பாடம் நடக்குது."

சொல்லிக்கொடுப்பவர் தான் மட்டும்தான் என்றும் அவர் நினைத்ததில்லை. நம் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா, அதோ கடைசி வரிசையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் கைப்பேசியில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்பதை இந்த அலுவலகத்திலேயே முதலில் கண்டுகொண்டவர் அவர். மகளுக்கு அப்படித்தான் செய்தி அனுப்புவார். அக்கா அதைப் பார்த்துவிட்டார். "வர்ற வியாழக்கிழமை உங்க பாடம்" என்றார். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் பதினொரு பேர் கைப்பேசியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு திணறினோம். "மெதுவா பேசுங்க சார், யாரும் உங்கள அடிக்க வரல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அலுவலகமே சிரித்தது. இன்று முகவரிகளை நாம் பேசித்தான் ஏற்றுகிறோம். அது அவர் போட்ட பாதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறப்புப் பதிவில் ஒரே மாதிரி வாக்கியங்கள் நிறைய வரும். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன காரணத்தால், இன்னார் தெரிவித்தபடி. அக்கா அதற்கெல்லாம் ஒரு சின்ன மென்பொருளில் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். இரண்டு எழுத்து அடித்தால் முழு வாக்கியம் வந்து நிற்கும். நாற்பது நிமிடப் பதிவு எட்டு நிமிடத்தில் முடியும். அழுதுகொண்டு வருகிறவரை அதிக நேரம் நிற்க வைக்கக் கூடாது என்பதற்காகவே அதைச் செய்தார். ஆனால் ஒரே ஒரு இடத்தை மட்டும் எந்தக் கருவிக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இறந்தவர் பெயர். மருத்துவமனைச் சீட்டிலிருந்து காப்பி எடுத்து ஒட்டவும் விடமாட்டார், பேசி ஏற்றவும் விடமாட்டார். "பேரை மட்டும் கையால அடிங்க. ஒவ்வொரு எழுத்தா. கடைசித் தடவையா யாராவது ஒருத்தர் அந்தப் பேரை முழுசா நினைக்கட்டும்" என்பார். அந்த இடத்தில் மட்டும் அவர் விசைகளை மெதுவாக அழுத்துவார். பக்கத்து மேசையிலிருந்து எனக்குக் கேட்கும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழன். அன்றைய பாடம், ஒரே பதிவு இரண்டு தடவை ஏறியிருந்தால் அதைக் கண்டுபிடித்து நீக்கும் கருவி. பிறப்புப் பட்டியலில் எனக்கு அது பெரிய தலைவலி. பத்து வருடப் பதிவில் ஒரே குழந்தை இரண்டு இடத்தில் இருக்கும். ஆறாவது நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்தேன். அக்கா, "தம்பி, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார். "புரிஞ்சிடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன்.

பிறந்த தேதி, தந்தை பெயர், தாய் பெயர், முகவரி. இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே பதிவு என்று அந்தக் கருவிக்குச் சொன்னேன். குழந்தையின் பெயரைச் சேர்க்கவில்லை. பிறந்த வாரத்தில் பதிய வருகிற பாதிப் பேர் பெயரே வைத்திருக்க மாட்டார்கள், அந்த இடம் காலியாகக் கிடக்கும், ஆகவே அதை விட்டுவிட்டேன். ஒரு பொத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் போயின. பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று அன்று மாலை நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஒரே தேதி, ஒரே தந்தை, ஒரே தாய், ஒரே முகவரி. இப்படி இரண்டு குழந்தைகள் இருக்க முடியும் என்பது, பத்தொன்பது வருடம் பிறப்புப் பிரிவில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு தாய் வந்தார். பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் வேண்டும், இரண்டு பிள்ளைகளுக்கும். நான் தேடினேன். ஒரு பிள்ளை இருந்தது. இன்னொரு பிள்ளை இல்லை. அந்தத் தாயிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா" என்றேன்.

அவர் பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த சிறுமியைத் தூக்கி என் மேசை மேல் நிறுத்தினார். "ரெண்டு பெத்தேன் சார். நீங்க ஒண்ணுதான்னு சொல்றீங்க. அப்ப இது யாரு?"

அந்தப் பிள்ளையின் பிஸ்கட் துகள் என் விசைப்பலகை மேல் விழுந்தது. இரட்டைப் பிள்ளைகள் அத்தனை பேரிலும் ஜோடிக்கு ஒருவரை நான் துடைத்து எறிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

விஷயம் அன்றே மேலே போய்விட்டது. அப்போதிருந்த பதிவாளர் ஐயா எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார். "யார் வேலை இது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, நான் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடியில் அக்கா பேசினார்.

"வியாழக்கிழமை நான் எடுத்த பாடம், ஐயா. பாதிதான் சொல்லிக்கொடுத்தேன். என்னாலதான் ஆச்சு."

அவர் பாதியா சொல்லிக்கொடுத்தார்? முழுசாகத்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த மீதி நான்கு நிமிடத்தில் என்ன இருந்தது என்று பிறகு மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எதைத் தொடும் முன்பும் ஒரு நகல் எடு. நீக்கப்போவது எவை என்று ஒரு தடவை பட்டியல் போட்டுப் பார். இரண்டே விஷயம். அதைக் கேட்காமல் எழுந்து போனவன் நான். ஐயாவோ, அக்காவே நீக்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். அக்கா மறுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும், "அக்கா, நான்..." என்று தொடங்கினேன். "பிறகு பேசலாம் தம்பி. முதல்ல பிள்ளைங்கள எடுக்கணும். மூணு வாரத்துல புதுசா பதிவு ஏறியிருக்கு, பழைய நகலை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஒப்பிட்டுத்தான் பார்க்கணும்" என்றார். நான் நகல் எடுக்கவில்லை, ஆனால் அவர் எடுத்து வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு முறை எல்லோருடைய பட்டியலையும் தானாகவே நகல் எடுத்து வைக்கும்படி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு அது இருப்பதே தெரியாது. அந்த நகலையும் புதுப் பட்டியலையும் அக்கம்பக்கம் வைத்தோம். காணாமல் போன வரிகள் ஒவ்வொன்றையும் காகிதப் பதிவேட்டை எடுத்துச் சரிபார்த்தோம். நான்கு நாள். நான் நீக்கிய இருநூற்றுப் பன்னிரண்டில் அறுபத்து மூன்று நிஜமான குழந்தைகள். அதில் ஒரு வீட்டில் மூன்று பேர் பிறந்திருந்தார்கள், இரண்டு பேரைத் தொலைத்திருந்தேன். அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். கடைசி வரியை ஏற்றிவிட்டு அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அடுத்த வியாழன் அதே பாடத்தை மறுபடி எடுத்தார். "நாங்க முழுசாத்தான் பார்த்தோமேக்கா" என்றார்கள். "எனக்காக இன்னொரு தடவ" என்றார். பத்து நிமிடமும் என் பக்கம் அவர் பார்வை திரும்பவில்லை. நானும் பத்து நிமிடமும் எழுந்திருக்கவில்லை.

மெமோ வந்தது, அவர் பெயருக்கு. பதிவுகளைக் கவனக்குறைவாக நீக்கியதற்காக என்று எழுதியிருந்தது. அது அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியது. அடுத்த வருடம் கண்காணிப்பாளர் பதவிக்கு இரண்டு பெயர் போயிற்று. ஒன்று அவருடையது, இரண்டு வருடம் மூத்தவர். இன்னொன்று என்னுடையது. அவர் கோப்பில் மெமோ இருந்தது. என் கோப்பு சுத்தமாக இருந்தது.

அந்தப் பதவியில்தான் நான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் புது அறைக்கு முதலில் வந்து வாழ்த்தியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான். "புது கம்ப்யூட்டர். முதல்ல தானா நகல் எடுக்கிற ஏற்பாட்டைப் போட்டுடலாம்" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, என்னையே போட வைத்தார். என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. பிறகு பேசலாம் என்றாரே, அந்தப் பிறகு எட்டு வருடம் ஓடியது. ஒரு நாள்கூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாள்கூட நானும் எடுக்கவில்லை. அவர் எடுக்காதது பெருந்தன்மை. நான் எடுக்காதது கோழைத்தனம்.

நான்கு மாதத்துக்கு முன் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அப்படியும் வியாழனை விடாமல் வந்தார், கடைசி நாள்களில்தான் படுத்துவிட்டார். மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் இருந்தது. "வியாழக்கிழமையை விட்டுடாதீங்க தம்பி. நீங்க எடுங்க" என்றார். "எனக்குப் பொறுமை கிடையாதுக்கா" என்றேன். "பொறுமை தானா வராது. கையைக் கட்டுங்க, வரும்" என்றார். சரி என்று நான் சொல்லவில்லை. ஜன்னல் திரையைச் சரி செய்வது போல எழுந்துவிட்டேன். சொல்ல வேண்டிய மற்றதையும் சொல்லவில்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

பதினேழு நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, அக்கா போய்விட்டார்.

இறப்பு என்றால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் மேசை அவருடையது. அந்த மேசை காலியாக இருந்தது. அக்காவின் கணவர் மருத்துவமனைச் சீட்டோடு வந்து, பழக்கத்தில் அந்த மேசைக்கு முன்னாலேயே நின்றார். யாரும் போகவில்லை. நான் போனேன். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய இறப்பைப் பதிவு செய்தேன்.

இரண்டு எழுத்து அடித்தேன், முழு வாக்கியம் வந்தது. இன்னும் இரண்டு எழுத்து, இன்னொரு வாக்கியம். எல்லாம் அவர் எழுதி வைத்த வாக்கியங்கள். தன் பதிவில் பாதிக்கு மேல் அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பெயர் இடம் வந்தது. பதினொரு எழுத்து. மூன்று தடவை தப்பாக அடித்தேன். மூன்று தடவையும் அழித்து முதலிலிருந்து அடித்தேன். இருபது வருடம் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறேன், அந்தப் பெயரை முழுசாக நான் நினைத்தது அன்றுதான்.

போன வெள்ளிக்கிழமை அவர் கணவர் என்னைக் கூப்பிட்டார். இந்தக் கூட்டத்துக்கு ஒரு படம் வேண்டும், வீட்டில் அவள் கம்ப்யூட்டரில் இருக்கும், எனக்குத் திறக்கத் தெரியாது என்றார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். போனேன். மவுஸை நானே எடுத்துத் தேடியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அது அவருடைய மனைவியின் படம். அவர் கையில் மவுஸைக் கொடுத்துவிட்டு என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் நான் கையைக் கட்டியது அதுவே முதல் தடவை. நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு படமாகத் திறந்து, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று போனார்.

அக்கா எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, வருடம் போட்டு, பெயர் போட்டு வைப்பவர். ஒரு ஃபைலின் பெயரில் இரட்டையர் என்று இருந்தது. "நம்ம சொந்தத்துல இரட்டப் புள்ளைங்க யாரும் இல்லையே, இது யாரு படம்?" என்று அவர் அதைத் திறந்தார்.

படம் இல்லை. மெமோ.

என் கை தானாக முன்னால் வந்தது. ஒரே அழுத்து, மூடிவிடலாம். அப்போது எனக்குக் கேட்டது. குடத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அதே குரல். தம்பி, கை. நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன்.

அவர் வரி வரியாகப் படித்தார். "கவனக்குறைவா? இவளா? அடுப்ப அணைச்சோமான்னு மூணு தடவ திரும்பிப் போய்ப் பாக்குறவ சார் இவ. என்ன சார் இது?"

கையைக் கட்டிக்கொண்டேன், உண்மையைச் சொல்லவில்லை. "ஏதோ பழைய ஆபீஸ் காகிதம்" என்றேன். அவர் சரி என்று மூடிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நீங்கள் இங்கே பார்க்கிற இந்தப் படம் அதற்கு மூன்று படம் தள்ளி இருந்தது. அவரே தேர்ந்தெடுத்தார், அவரே பெரிதாக்கினார்.

அதற்குப் பிறகு நான்கு இரவு எனக்குத் தூக்கம் இல்லை. இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். ஆறு நிமிடம், நான்கு நிமிடம், இரண்டு விநாடி, பதவி, எல்லாம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கடைசி வார்த்தை வரை கேட்டார். பிறகு சொன்னார்: "என்கிட்ட சொல்லி என்ன சார் பண்றது? என்கிட்ட அவ பேரு கெடலையே. எங்க கெட்டுச்சோ அங்க போய்ச் சொல்லுங்க."

நீங்கள் சொன்னபடியே சொல்லிவிட்டேன் ஐயா. இதோ சொல்லிவிட்டேன். தோழர்களே, அந்த மவுஸைப் பிடித்திருந்த கை என்னுடையது. அறுபத்து மூன்று குழந்தைகளை நீக்கியது நான். திருப்பிக் கொண்டுவந்தது அக்கா.

நம் அலுவலகக் காகிதப் பதிவேட்டில் எந்தப் பதிவையும் அழிக்க மாட்டோம். தப்பாக எழுதியது தப்பாகவே இருக்கும். அதன் ஓரத்தில் சரியானதை எழுதி, திருத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் அது செல்லும். பதிவாளர் அம்மா அவர்களே, உங்கள் முன்னால் மேசை மேல் இருக்கும் அந்த உறையில் என் கடிதம் இருக்கிறது. அக்காவின் பணிப்பதிவேட்டில் அந்த மெமோவுக்கு ஓரத்தில் எழுத வேண்டிய வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன். என் பேனாவால் எழுதி, கீழே என் முழுப்பெயரைப் போட்டிருக்கிறேன். அதனால் எனக்கு என்ன வருமோ வரட்டும். மறுக்க மாட்டேன். உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைக்க வேண்டியதை அந்தக் கடிதம் வாங்கித் தராது, அது எனக்குத் தெரியும். அவர் கோப்பு மட்டுமாவது சரியாக இருக்கட்டும்.

அக்கா போன பிறகு இரண்டு வியாழன் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் நாம் யாரும் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக டப்பாவைத் திறந்தோம். நாளை மறுநாள் மூன்றாவது வியாழன். மருத்துவமனையில் நான் சொல்லாமல் வந்த சரியை இப்போது சொல்கிறேன் அக்கா. சரி. நான் எடுக்கிறேன். முதல் பாடம், ஒரே பதிவு இரண்டு தடவை ஏறியிருந்தால் நீக்கும் கருவி. பத்து நிமிடமும் நடக்கும். அதில் கடைசி நான்கு நிமிடத்தை முதலில் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அதற்கு அடுத்த வாரம் வேறு யாராவது எடுங்கள். தெரிந்தது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, வாருங்கள்.

இறப்புப் பிரிவு மேசைக்கு யார் வந்து உட்கார்ந்தாலும், பெயரை மட்டும் கையால் அடியுங்கள். அது இனி என் உத்தரவு. கண்காணிப்பாளராக நான் போடும் கடைசி உத்தரவாக இருந்தாலும் இருக்கட்டும்.

இப்போது எல்லோரும் எழுந்து நிற்போம். ஒரு நிமிடம் பேசாமல் நிற்கப் போகிறோம். வழக்கமாகக் கையை முன்னால் கோத்துக்கொண்டு நிற்போம். இன்று பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நானும் கட்டிக்கொள்கிறேன். பழக்கதோஷம், என் கை எப்போது வேண்டுமானாலும் முன்னால் வந்துவிடும். வந்தால், பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்லுங்கள். அக்கா சொன்ன மாதிரியே, சத்தம் போடாமல் சொல்லுங்கள்.